ட்ரக்குக்கு ஜிபிஎஸ் வாங்கப்போறீங்களோ? முதல் உயரத்தைக் கேளுங்கோ

"அண்ணை, ஆயிரம் டொலர் குடுத்து அந்தப் பெரிய ஜிபிஎஸ் வாங்கத்தான் வேணுமோ, போன் காணாதோ?"

ட்ரெய்லர் இழுக்கிற ட்ரக் ஓட்டுவதற்கான ஏ-இசட் லைசன்ஸ் கையில் வந்த கிழமையே எங்கடை பொடியள் கேட்கிற கேள்வி இது. ஒவ்வொருத்தருக்கும் போனில் அரைமணித்தியாலம் கதைத்துக் களைத்துப்போனேன். அதனால் ஒருதரம் வடிவாக எழுதிவைக்கிறேன். நான் ரொறன்ரோவில் இருந்து நியூயோர்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் 53 அடி ட்ரெய்லர் இழுக்கிறவன். இடைக்கிடை வின்னிபெக்குக்கும் லோட் வரும். நான் சொல்வதெல்லாம் இந்த றோட்டுகளை வைத்துத்தான்.

401 நெடுஞ்சாலையால் வின்ட்சருக்கும் மொன்றியலுக்கும் இடையில், தினமும் அதே யார்ட், லோட் ஏற்றி இறக்குகிற அதே டொக் என்று ஓடுகிறவருக்கு இந்தக் காசு வீண். போன் போதும். எல்லை கடந்து தெரியாத ஊருக்குள் ட்ரெய்லரோடு இறங்குகிற ஆளென்றால் வாங்குங்கள். ஏனென்றால் கூகுள் மப்ஸ் உங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை: உன் வண்டி எவ்வளவு உயரம்?

எங்கள் வண்டி 13 அடி 6 அங்குலம். அகலம் 8 அடி 6 அங்குலம். அமெரிக்க இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் பொதுவான உச்ச எடை 80,000 றாத்தல். நியூயோர்க் மாநிலத்தில் பார்க்வே என்று பெயருள்ள றோட்டுகள் பல காருக்கென்றே கட்டியவை. ட்ரக் ஏறவே கூடாது, பாலங்களும் அப்படித் தாழ்வு. ஹட்சின்சன் ரிவர் பார்க்வேயில் ட்ரெய்லர் கூரை கிழிபடுவது அந்தப் பக்கத்து ஆக்களுக்குப் பழகிப்போன செய்தி. சிரக்யூசுக்குப் பக்கத்தில் ஒனொண்டாகா லேக் பார்க்வேக்கு மேலால் போகிற ரயில் பாலத்தின் உயரம் 10 அடி 9 அங்குலம். 2010 செப்டெம்பரில் பஸ் நிலையத்தைத் தவறவிட்ட ஒரு இரட்டைத்தட்டு பஸ் சாரதி, தன்னுடைய சொந்த ஜிபிஎஸ்ஸைப் பார்த்து அந்த றோட்டால் வந்தார். பஸ்ஸின் உயரம் 13 அடி. பயணிகள் நான்கு பேர் இறந்தார்கள். பாலத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும்தான் இது நடந்தது. வட கரோலினாவில் டர்ஹம் நகரத்து ரயில் பாலம் இன்னொன்று. 11 அடி 8 அங்குலமாக இருந்ததை 2019-இல் 8 அங்குலம் உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் இடிபடுகிறது.

ஆகவே விலை கூடிய ஜிபிஎஸ்ஸில் நீங்கள் காசு கொடுப்பது இரண்டு விஷயத்துக்கு: உயரமும் எடையும் பதிந்த ஒரு வரைபடம், அதை வருடக்கணக்காகப் புதுப்பித்துத் தருவோம் என்ற உறுதி. மற்றதெல்லாம் அலங்காரம்.

எந்த வரிசை

கடையில் நடக்கிற பெரிய குழப்பம் இங்கேதான். ஜிபிஎஸ் செய்கிற கார்மின் கொம்பனியின் ட்ரைவ்ஸ்மார்ட் 66, 76, 86 மூன்றும் நல்ல சாமான்கள். 6, 7, 8 அங்குலத் திரை. ஆனால் மூன்றும் காருக்கு. 86-இன் திரையைப் பார்த்து "பெரிசுதானே, ட்ரக்குக்கும் சரி" என்று வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அதில் உயரம் போடுகிற இடமே கிடையாது. ட்ரக்குக்கு அதே கொம்பனியின் டீசல் ஓடிஆர் வரிசை. மோட்டர்ஹோமுக்கு ஆர்வி வரிசை என்று இன்னொன்று இருக்கிறது. அதிலும் உயரம், எடை போடலாம், ஆனால் வரைபடத்தில் முக்கியம் கொடுப்பது முகாம் இடங்களுக்கு. ராண்ட் மக்நாலி என்ற இன்னொரு கொம்பனியின் டிஎன்டி வரிசையும் ட்ரக்குக்கானதே. பழைய அமெரிக்கச் சாரதிகள் அதை விடமாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கார்மினின் திரைதான் கண்ணுக்கு இதம், அவ்வளவுதான். ராண்ட் மக்நாலி வைத்திருக்கிறவர் மாற்றத் தேவையில்லை.

போனில் ட்ரக்குக்கென்றே காசு கட்டிப் பாவிக்கிற ஆப்புகளும் உண்டு: ட்ரக்கர் பாத், கோபைலட் போன்றவை. அவற்றிலும் உயரம் போடலாம். கையில் ஒரு டப்லெட் சும்மா கிடக்கிறதென்றால் முதல் வருடத்துக்கு அது மோசமில்லாத வழி. வருடாவருடம் சந்தா கட்டவேண்டும், லோட் கொடுத்து அனுப்புகிற டிஸ்பாச்சர் அழைக்கிற அதே போனில் வழியும் பார்க்கவேண்டும் என்பது எனக்கு ஒத்துவராது. எக்ஸிட் எடுக்கிற நேரம் பார்த்துத்தான் அவருக்கு எங்கள் ஞாபகம் வரும்.

திரை

டீசல் வரிசையில் ஐந்தரை அங்குலத்தில் இருந்து பத்து அங்குலம் வரை வந்திருக்கிறது. பத்து அங்குலம் 13 வீத எச்எஸ்டி விற்பனை வரியோடு ஆயிரம் டொலரைத் தாண்டிவிடும். என் அபிப்பிராயம்: 7 அல்லது 8 அங்குலத்தோடு நிற்கலாம். பத்து அங்குலம் பாரம். பென்சில்வேனியாவின் உடைந்த றோட்டில் ஆடிக்கொண்டே இருக்கும், கண்ணாடியில் ஒரு மூலையை முழுதாக மறைக்கும். வாசிப்புக் கண்ணாடி போடுகிற வயது வந்தவர்களுக்கு மட்டும் நான் பத்தைச் சொல்வேன். அதுவும் டாஷ்போர்டில் திருகிப் பூட்டுகிற தாங்கியோடு.

இப்போது வருகிற திரைகள் போன் திரை மாதிரி விரல்தொட்டால் வேலை செய்பவை. கையுறையோடு தொட்டால் ஒன்றும் நடக்காது. ஜனவரியில் யார்ட்டில் நின்று முகவரி அடிக்கிறபோது இதன் அர்த்தம் விளங்கும். குரலால் கட்டளை கொடுக்கிற வசதி உள்ளதைப் பாருங்கள். எங்கள் உச்சரிப்பில் வீட்டு இலக்கத்தைப் பிடித்துவிடும். தெருப்பெயரில் சிலவேளை தடுமாறும். மொன்றியலுக்குப் போனால் நிலைமை தலைகீழ்: ஆங்கிலக் குரல் பிரெஞ்சுத் தெருப்பெயர்களைக் கடித்துத் துப்புகிற வடிவைக் கேட்டால் அந்த ஊர் ஆக்களே வழி தவறிப்போவார்கள். அங்கே பெயரைக் கேட்காமல் எக்ஸிட் இலக்கத்தைப் பாருங்கள். தெருப்பெயரே சொல்லாமல் "இடது, வலது" மட்டும் சொல்கிற குரல்களும் பட்டியலில் இருக்கும். அவற்றைத் தெரிவுசெய்ய வேண்டாம்.

குளிரைப் பற்றி ஒன்று. கருவி வேலை செய்கிற வெப்பநிலை சைபருக்குக் கீழே 20 பாகை வரை என்று கார்மின் சொல்கிறது. பற்றரி சார்ஜ் ஏறுவது 0 பாகைக்கு மேலேதான். மாசி மாதம் வண்டியிலேயே இரவு முழுக்க விட்டுவிட்டு விடிய வந்து "பழுதாப்போச்சு" என்று சொல்ல வேண்டாம். கழற்றி, வண்டியில் நீங்கள் படுக்கிற ஸ்லீப்பருக்குள் வைக்கவும், அல்லது வீட்டுக்குக் கொண்டுபோகவும். காந்தத் தாங்கி உள்ள மாடலை நான் விரும்புவது இதற்காகத்தான்: மின்சாரம் தாங்கிக்குள்ளாலேயே வருவதால் ஒரு கையால் இழுத்து எடுக்கலாம், வயரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

வரைபடம் எத்தனை வருடத்துக்கு

"லைஃப்டைம் மப்ஸ்" என்று பெட்டியில் போட்டிருப்பது உங்கள் ஆயுளைக் குறிப்பதல்ல. அந்தக் கருவியின் ஆயுளை. அந்த மாடலுக்கு வரைபடம் தயாரிப்பதைக் கொம்பனி நிறுத்தினால் அதோடு முடிந்தது. ஆகவே கழிவு விலையில் போகிற பழைய மாடலைப் பார்த்தால், எந்த வருடம் வெளிவந்தது என்று முதலில் தேடிப் பாருங்கள். ஆறேழு வருடப் பழசென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பாவித்ததை வாங்குகிறவர்கள் இன்னும் கவனம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டுத் திரும்பச் சைபரில் தொடங்கும். கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரல் 6. அதற்குப் பிறகு மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் பிழையான திகதி காட்டத் தொடங்கின. திகதி பிழைத்தால் போய்ச்சேரும் நேரமும் பிழைக்கும். பாவித்த கருவியை வாங்கப்போனால் அந்த வீட்டு வாசலிலேயே போட்டுப் பாருங்கள்: திகதி சரியா, வரைபடப் பதிப்பு எந்த வருடம், கடவுச்சொல் கேட்டுப் பூட்டி நிற்கிறதா.

வரைபடம் மாறுவது சும்மா பேச்சல்ல. டோல் என்று காசு கட்டி ஓடுகிற 407 நெடுஞ்சாலையின் கிழக்குப் பகுதி, பிக்கரிங்கின் புரொக் றோட்டில் இருந்து 35/115 நெடுஞ்சாலை வரைக்கும், 2025 ஜூன் 1-இல் இருந்து காசில்லாத றோட்டு. "டோலைத் தவிர்" என்று போட்டுவிட்டுப் பழைய வரைபடத்தோடு ஓடுகிறவரை அது இன்னும் 401-இன் நெரிசலுக்குள்தான் அனுப்பும். வை-ஃபையால் தானாகப் புதுப்பிக்கிற மாடலை வாங்குங்கள், வீட்டு இணையத்தில் இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். வட அமெரிக்க வரைபடம் முழுதாக இறங்க நேரம் எடுக்கும். ட்ரக் ஸ்டொப்பின் வை-ஃபையில் அதைத் தொடங்குவது முட்டாள்வேலை.

நெரிசல் தகவல், செயற்கைக்கோள், சிக்னல்

சில மாடல்களில் நெரிசல் தகவல் வாங்குகிற ரிசீவர் கருவிக்குள் இல்லை, அதோடு வருகிற மின் வயருக்குள் இருக்கிறது. வயர் தொலைந்து டொலர் கடையில் ஒன்று வாங்கிப் போட்டால் கருவி வேலை செய்யும், நெரிசல் மட்டும் தெரியாது. மற்ற மாடல்கள் உங்கள் போனோடு புளூடூத்தில் இணைந்து தகவல் எடுக்கும். எது எப்படி என்று கடையில் கேட்டுவைக்கவும். நெரிசலில் மட்டும் போனை மிஞ்ச இவற்றால் முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் நியூ ஜெர்சிக்குள் இறங்கும் முன், ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தி, போனில் சிவப்புக் கோடு எங்கே என்று ஒருதரம் பார்த்துக்கொள்வேன். வழியைப் போன் தீர்மானிக்க விடுவதில்லை.

செயற்கைக்கோள் கணக்குகளில் அதிகம் மயங்க வேண்டாம். ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ எல்லாம் பிடிக்கும் என்று எழுதியிருப்பது நல்லது. மான்ஹாட்டனின் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் உதவும். சிக்காகோவின் லோவர் வாக்கர் டிரைவ் மாதிரி நிலத்துக்குக் கீழே ஓடுகிற றோட்டில் வானமே தெரியாது, எந்தக் கருவியும் தடுமாறும். அங்கே ட்ரக்கோடு உங்களுக்கு அலுவலும் இல்லை.

வட ஒன்றாரியோவில்தான் தனிக் கருவியின் அருமை தெரியும். வாவாவில் இருந்து மரத்தன் பக்கம் 17 நெடுஞ்சாலையில் போகிறபோது பல இடங்களில் போனில் ஒரு சிக்னல் கோடும் இராது. வரைபடம் முழுக்கக் கருவிக்குள்ளேயே இருப்பதால் அதற்குக் கவலையில்லை. வழி கேட்க அங்கே ஒன்றுமில்லை, உள்ளது ஒரே றோட்டு. 2016 ஜனவரியில் நிபிகன் பாலம் பழுதுபட்டபோது கனடாவுக்குள்ளாலேயே கிழக்கில் இருந்து மேற்குக்குப் போக வேறு றோட்டு இருக்கவில்லை. ஆனால் அடுத்த டீசல் எத்தனை கிலோமீற்றர், ட்ரெய்லரோடு நிறுத்த இடம் எங்கே என்று இரவு பன்னிரண்டு மணிக்குச் சொல்ல ஒன்று வேண்டும்தானே.

வாங்கினதும் குசினி மேசையில் செய்யவேண்டிய பரிசோதனை

திருப்பிக் கொடுக்கிற காலம் முடியும் முன் இதைச் செய்யுங்கள். ட்ரக்கில் பூட்டத் தேவையில்லை. மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்து, செட்டிங்ஸில் ஜிபிஎஸ் சிமுலேட்டரைத் திறந்துவிடுங்கள். அப்போது நீங்கள் சொல்கிற இடத்தில் நிற்பதாகக் கருவி நினைத்துக்கொள்ளும்.

முதலில் வண்டியின் விபரம். உயரம் 13 அடி 6 அங்குலம், நீளம் ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்த்து, எடை 80,000 றாத்தல். வெறும் ட்ரெய்லர் இழுக்கிற நாளிலும் உயரத்தைக் குறைக்க வேண்டாம். லோட் இறங்கினால் ட்ரெய்லர் கொஞ்சம் எழும்பி நிற்குமே தவிரத் தாழாது. அலகு அடியில் நிற்கிறதா மீற்றரில் நிற்கிறதா என்று பார்க்கவும். ஒன்றாரியோவில் சட்ட உயரம் 4.15 மீற்றர்; எல்லைக்கு இந்தப் பக்கம் பாலப் பலகைகள் மீற்றரில், அந்தப் பக்கம் அடியில்.

இப்போது பிரொன்க்ஸின் ஹண்ட்ஸ் பொயின்ட் சந்தையில் நிற்பதாக வைத்து, வைட் பிளெய்ன்ஸுக்கு வழி கேளுங்கள். முதலில் கார் நிலையில். பெரும்பாலும் ஏதாவதொரு பார்க்வேயால் கோடு போடும். பிறகு ட்ரக் நிலைக்கு மாற்றித் திரும்பக் கேளுங்கள். கோடு பார்க்வேயை விட்டு விலகி, ஐ-95 அல்லது ஐ-87 இன்டர்ஸ்டேட்டால் மேலே ஏறி ஐ-287-ஐப் பிடிக்கவேண்டும். விரலால் பெரிதாக்கி, கோடு திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் றோட்டின் பெயரை வாசியுங்கள். எங்கேயாவது பார்க்வே என்ற சொல் வந்தால் நீங்கள் விபரம் போட்டது பதியவில்லை, அல்லது கருவி இன்னும் கார் நிலையில் நிற்கிறது. பார்த்துச் சரிப்படுத்தியும் வந்தால் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது சிரக்யூஸ் நகர மத்தியில் இருந்து லிவர்பூல் என்ற ஊருக்கு. கிட்ட வழி அந்த 10 அடி 9 அங்குலப் பாலத்துக்குக் கீழால். ட்ரக் நிலையில் சுற்றிக்கொண்டு போகவேண்டும். மூன்றாவதாக பொஸ்டனில் சார்ல்ஸ் ஆற்றோரம் ஒரு முகவரி: ஸ்டொரோ டிரைவைத் தொடக்கூடாது. செப்டெம்பர் 1-இல் வீடு மாறுகிற மாணவர்களின் வாடகை லொறிகள் வந்து சிக்குகிற இடம் அது.

பயணத்தின் கடைசித் துண்டுக்கு ட்ரக் விபரம் இல்லை என்று கருவி சிலவேளை எச்சரிக்கும். அதை "ஓகே" அடித்துத் தள்ளாமல் செய்மதிப் படத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். முகவரி பெரும்பாலும் அலுவலக வாசலுக்குத்தான் கொண்டுபோகும். டொக் பின்பக்கத்து இன்னொரு றோட்டில் இருக்கும். ஒருதரம் போய்ச் சரியான கேற்றைக் கண்டுபிடித்தால், அங்கேயே நிறுத்தி அந்தப் புள்ளியைச் சேமித்துக்கொள்ளுங்கள். "ஹண்ட்ஸ் பொயின்ட், பின் கேற், இடப்பக்கத்தால் ரிவர்ஸ்" என்று பெயரும் போடலாம். சில வருடத்தில் இந்தப் பட்டியல் கருவியைவிடப் பெறுமதி கூடியதாகிவிடும். கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பூட்டுகிற இடம்

ஒன்றாரியோவில் ஜிபிஎஸ்ஸைக் கையில் வைத்துப் பார்க்கக்கூடாது. தாங்கியில் உறுதியாக நிற்கவேண்டும். அமெரிக்கக் கூட்டரசு விதி ட்ரக் கண்ணாடிக்கு அளவே சொல்கிறது: வைப்பர் துடைக்கிற பகுதியின் மேல் விளிம்பில் இருந்து கீழே 8.5 அங்குலத்துக்குள், அல்லது கீழ் விளிம்பில் இருந்து மேலே 7 அங்குலத்துக்குள். றோட்டையும் பலகைகளையும் பார்க்கிற பார்வைக்கு இடையில் வரவும் கூடாது. பத்து அங்குலத் திரையை இந்த ஏழுக்குள் எப்படி நிறுத்தப்போகிறீர்கள் என்று வாங்க முதலே ஒரு டேப்பால் அளந்து பாருங்கள். உறிஞ்சிப் பிடிக்கிற கப் குளிருக்குக் கழன்று விழும். ஒட்ட முதல் கண்ணாடியை அல்கஹோலால் துடைத்து, ஹீற்றரால் கொஞ்சம் சூடாக்கவும்.

ஓய்வு நேரம் நினைவூட்டுகிற வசதியும் இவற்றில் இருக்கிறது. ஓட்டக்கூடிய உச்ச நேரம் கனடாவில் 13 மணித்தியாலம், அமெரிக்காவில் 11. அதற்கு ஓட்ட நேரத்தைப் பதிகிற உங்கள் ஈஎல்டி கருவி சொல்வதுதான் கணக்கு. ஜிபிஎஸ் காட்டுகிறதை அதிகாரியிடம் காட்டிப் பயனில்லை.

காருக்கு வாங்கலாமோ என்று கேட்கிற மாமாமாருக்கு: ரொறன்ரோவுக்குள் என்றால் போனே காணும். கோடையில் அல்கொன்குயின், சட்பரி தாண்டிக் குடும்பத்தோடு போகிறவர் என்றால் ட்ரைவ்ஸ்மார்ட் 76 நல்லது. அதற்கு மேலே செலவழிக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சொந்த ட்ரக் வைத்திருக்கிறவர்கள் ரசீதைப் படம் எடுத்துக் கணக்காளருக்கு அனுப்பிவிடுங்கள், தொழில் செலவில் போகும். கடுதாசி ரசீது ஆறு மாதத்தில் வெளிறிவிடும். ட்ரக்காரருக்கென்று அச்சிட்ட அட்லஸ் ஒன்றும் இருக்கைக்குப் பின்னால் கிடக்கட்டும். மாநிலம் மாநிலமாகத் தாழ்ந்த பாலங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. புது ஊருக்கு லோட் விழுந்தால் முதல் நாள் இரவு அந்தப் பக்கத்தைத் திறந்து, ஜிபிஎஸ் போட்ட கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் படுங்கள்.